ரத்த சம்பந்தம்: இல்லை

என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் கையில் சாத்துக்குடியும் வாயில் ஒரு காரணமும் கொண்டுவந்தார்கள். ஐஸ்கிரீம் தின்றதால் வந்தது. பரீட்சைக்குக் கண்விழித்ததால் வந்தது. கல்லூரி லேபில் எதையோ முகர்ந்ததால் வந்தது. மாடி வீட்டு அம்மாள், நான் ஈரத்தலையோடு லஸ் முனை வரைக்கும் சைக்கிள் விட்டதை எந்த வருஷம் என்பது உட்பட நினைவு வைத்திருந்து சொன்னார். சாத்துக்குடியைப் பிழிந்து குடித்துவிட்டேன். காரணங்கள்தான் செரிக்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. தலையில் முடி முள்ளம்பன்றி மாதிரி நிற்கிறது. “தைரியமா இரு” என்று முதுகைத் தட்டும் எழுத்து வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்க்கவும். நான் ஒரு நாள்கூட தைரியமாக இருக்கவில்லை. கோபமாக இருந்தேன். அது போதுமானதாக இருந்தது.

நான் உமா. வயது இருபத்திரண்டு, எம்.எஸ்சி. உயிர்வேதியியல், வீடு மந்தைவெளி. அப்பா தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருபத்தாறு வருஷமாக உட்காருபவர். யார் எந்தப் படிவத்தை நீட்டினாலும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொடுப்பார். தெருவில் பாதிப் பேருடைய ரேஷன் கார்டு அப்பாவின் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெருமைதான் பிற்பாடு எங்களைக் கவிழ்த்தது.

அண்ணன் ரகுவுக்கும் மாமா பெண் சுதாவுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன், திருவான்மியூரில் வீடு. சுதாவும் நானும் ஒரே வயது, பள்ளியில் ஒரே பெஞ்சு, இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளும் ரகுவும் என் சைக்கிள் கூடையை எனக்கே தெரியாமல் தபால் பெட்டியாக வைத்திருந்தது தனிக் கதை. சித்திரை வெயிலில் புடவை எடுக்க தி. நகர் போனோம். பனகல் பார்க் பக்கத்தில் ஒரு கவரிங் கடையில், அட்டிகை ஒன்றை என் கழுத்தில் வைத்துப் பார்த்த சுதாவின் விரல் நின்றது.

“என்னடி இது, கழுத்துல அரைநெல்லிக்காய் மாதிரி?”

“சதைடீ.”

“சதை நழுவுமா? தொட்டா ஓடுது பாரு.”

கடைக்காரர் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். மூன்று பேரும் பார்த்தோம். அட்டிகை வாங்கவில்லை.

குடும்ப டாக்டர் காசநோய்க் கட்டியாக இருக்கலாம் என்றார். நம் ஊரில் கழுத்தில் கட்டி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள், தெளிவாகத் தெரியவில்லை. பிறகு கட்டியையே அறுத்தெடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. இருபது நிமிஷ வேலை, முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளில் நான் நகத்தை மட்டும்தான் சாப்பிட்டேன்.

ஊர் பெயர் சென்னை என்று மாறியிருந்த சமயம். ரிப்போர்ட் தாளின் உச்சியில் அச்சாகியிருந்த மெட்ராஸைப் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தார்கள். அதற்குக் கீழே இருந்ததை யாரும் அடித்துத் திருத்தவில்லை. நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா.

மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு விளக்க வேண்டியவள் நானே ஆனேன். ரத்தத்தில் வெள்ளணுக்கள் இருக்கின்றன, அவற்றில் ஒரு வகை கிருமியோடு சண்டை போடும் காவல்படை, அந்தப் படையில் ஒருத்தன் கட்டளைக்கு அடங்காமல் பெருகினால், நிணநீர்ச் சுரப்பிகளில் போய்க் குவிந்தால், என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“புத்துநோயா?” என்றாள் அம்மா.

“ஆமா.”

“அதைச் சொல்லேன். என்னமோ போலீஸ் கதை சொல்றே.”

பெரிய டாக்டர் சொன்ன கணக்கு இது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை, நாலு மருந்து. ஒன்று ரோஜா சர்பத் நிறம், ஏறிய மறுநாள் சிறுநீரும் அதே நிறம். இன்னொன்று மாத்திரை, ஐந்து நாள் விழுங்கினால் ராட்சசப் பசி எடுத்து முகம் பூசணியாகும். மூன்றாவது முடியைக் கொட்டவைப்பது. நான்காவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது. எங்கள் காம்பவுண்டு ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்கிறதே, அதே ஊதாப் பூ. அது புற்றுச் செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும். கூடவே விரல்நுனி நரம்புகளையும் தடவிப் பார்த்துவிட்டுப் போகும்.

“அந்தச் செடிய ஆடுகூட மேயாது பாப்பா” என்றாள் அஞ்சலை. “உனுக்கு ஊசில ஏத்தறாங்க.”

அஞ்சலை வார்டு உதவியாளர். பட்டினப்பாக்கம். என்னைவிட மூன்று வயது பெரியவள், அதற்குள் இரண்டு பிள்ளைகள். ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து வந்து, வாசலிலேயே குரலை ஆரம்பிப்பாள். வாந்தி வாளியை எடுத்துக்கொண்டே, “இன்னா, புக்கு படிச்சிக்கினே கீறே? உன் நோயப் பத்தி நீயே படிச்சா டாக்டரு எதுக்கு கீறாரு?” என்பாள். வாந்தி நின்ற நேரங்களில் அவளோடு பேசுவது எனக்குப் பெரிய ஆறுதல். அவள் பாவம் பார்க்கவே மாட்டாள். என் முடி தலையணையோடு வந்த காலையில் அதை வாரிச் சுருட்டிக்கொண்டு, “ஷாம்பு காசு மிச்சம்” என்றாள். அம்மா அழுதாள். நான் சிரித்தேன். எனக்கு அன்றைக்கு அது வேண்டியிருந்தது.

மூன்றாம் தவணை முடிந்தபோது விரல்நுனிகள் காணாமல் போயிருந்தன. கண்ணால் பார்த்தால் இருக்கின்றன, தொட்டால் இல்லை. காசை எடுக்க முடியாது, கொக்கி மாட்ட முடியாது. சுடிதார் நாடாவை அம்மா முடிந்துவிட வேண்டும். இருபத்திரண்டு வயதில் அம்மா நாடா முடிவதைப் போல எரிச்சல் தரும் விஷயம் உலகத்தில் வேறு இருக்க முடியாது. கல்யாணத்தை ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளியிருந்தார்கள். “தைக்குள்ள உன் விரல் வந்துடணும்” என்று சுதா மிரட்டிவிட்டுப் போனாள். காரணம் உண்டு. எங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் தங்கை போட வேண்டியவை. ரகுவுக்கு இருக்கும் ஒரே தங்கை நான்.

டாக்டர் ஜமீலா என் கட்டிலுக்கு வந்தது இரண்டாம் தவணையின்போது. முப்பது வயது இருக்கும், ராயப்பேட்டைக்காரர். சிகிச்சை தருபவர் இல்லை, ஆராய்ச்சி செய்பவர். நோய் எதிர்ப்புக்கான ஜீன்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றனவே, அந்த மாற்றத்துக்கும் லிம்ஃபோமா வருவதற்கும் தொடர்பு இருக்கிறதா என்பது அவர் கேள்வி.

“ஒரு பத்து மில்லி ரத்தம் தருவியா உமா? இதனால உனக்கு ஒரு லாபமும் கிடையாது. முன்னாடியே சொல்லிடறேன்.”

லாபம் கிடையாது என்று நேராகச் சொன்ன முதல் ஆள். “இருபதா எடுத்துக்குங்க டாக்டர்” என்றேன்.

கூடவே குடும்ப விவரப் படிவம் ஒன்று. கேட்கவா வேண்டும், அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். வயது, ஊர், யாருக்கு என்ன நோய். ஒன்பதாவது கேள்வி: பெற்றோர் இருவருக்கும் இடையே ரத்த சம்பந்தம் உண்டா? அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இல்லை. மணி மணியான எழுத்து. நான் எட்டிப் பார்த்தேன், சரி என்றுதான் எனக்கும் பட்டது. எம்.எஸ்சி. படித்தவளுக்கு!

டாக்டர் ஜமீலா எனக்குச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன் வாசலில் தட்டுகளை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்னென்ன புரதம் தயாராகிறதோ அதில் ஒவ்வொரு துணுக்கைத் தட்டில் வைத்து வெளியே காட்டும். ரோந்து வரும் வெள்ளணுக்கள் தட்டைப் பார்க்கும். நம்ம வீட்டுச் சமையல்தான் என்றால் போய்விடும். தெரியாத பண்டம் என்றால் உள்ளே வைரஸோ வேறு கோளாறோ இருக்கிறது என்று அந்தச் செல்லையே தீர்த்துக்கட்டும். இந்தத் தட்டுகளைச் செய்யும் ஜீன்களுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். தட்டுகளில் ஏகப்பட்ட வகை. வட்டத் தட்டில் நிற்பது நீளத் தட்டில் நிற்காது. அம்மாவிடமிருந்து ஒரு வரிசை, அப்பாவிடமிருந்து ஒரு வரிசை வரும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் வகை அதிகம், எது வந்தாலும் ஏதாவதொரு தட்டில் ஏந்திக் காட்டிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. என்ன வகைத் தட்டு என்பது பிறப்போடு வருவது. எத்தனை தட்டை வாசலில் எடுத்து வைப்பது என்பது செல்லின் அன்றாட வேலை. சில புற்றுச் செல்கள் அந்த வேலையை நிறுத்திவிடும். தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டால் ரோந்துக்காரனுக்கு என்ன தெரியும்? டாக்டர் ஜமீலா ஒருநாள், குளுகோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, தன் அறை நுண்ணோக்கியில் என் கட்டியின் சீவலைக் காட்டினார். தட்டு இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றியிருந்தார். நல்ல செல்களைச் சுற்றிக் கெட்டிப் பழுப்பு. என் திருட்டுச் செல்களைச் சுற்றி, காபி டபராவைக் கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வெளிறல்.

நான் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எத்தனை பேருக்குத் தன் எதிரியை முகத்துக்கு நேராகப் பார்க்கக் கிடைக்கும்? “பார்த்துட்டேன்டா உன்னை” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். டாக்டர் ஜமீலா அதைக் காதில் வாங்கிக்கொள்ளாத மாதிரி ஸ்லைடைத் துடைத்தார்.

என் ரத்தச் சோதனை மட்டும் மக்கர் செய்தது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வகை தெரிய வேண்டும், ஒன்றுதான் தெரிந்தது. மற்றது காலி. மருந்தில் அடிபட்ட செல்கள், மாதிரி கெட்டிருக்கும் என்று மறுபடி எடுத்தார். மறுபடியும் காலி. மூன்றாவது தடவை வந்தபோது என் கை நரம்புகள் பயந்து ஒளிந்துகொண்டன. புறங்கையில் குத்தினார்.

“மறுபடியுமா?” என்று அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள். “பாப்பா இன்னா கார்ப்பரேஷன் கொழாயா, வர்றவங்கல்லாம் புடிச்சிக்கினு போறதுக்கு?”

பிறகு அம்மா, அப்பா, ரகு மூவரின் ரத்தமும் போனது. பத்து நாள் கழித்து டாக்டர் ஜமீலா தாளோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். “உமா, எனக்குப் புரியல. உங்கம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு வரிசை அச்சு அசலா ஒண்ணா இருக்கு. உனக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் அதேதான் வந்திருக்கு. காலியே இல்ல, ரெண்டும் ஒண்ணு. ஆனா ஃபார்ம்ல சொந்தம் இல்லைன்னு இருக்கு.”

“சொந்தம்தான் டாக்டர். அம்மாவோட அப்பாவும் அப்பாவோட அம்மாவும் கூடப்பிறந்தவங்க. அம்மா அப்பாவுக்கு மாமன் மக.”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “யா அல்லா! அப்புறம் ஏன்டி இல்லைன்னு எழுதினீங்க? மூணு தடவை குத்தினேனே உன்னை!”

எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் ரத்தம் என்றால் பங்காளி, ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள், அவர்களுக்குள் பெண் எடுக்கவே கூடாது. மாமன் வீடு வேறு வகையறா, வேறு குலதெய்வம். ரத்தமாக இருந்தால் அங்கே கல்யாணமே நடந்திருக்காதே! இது அப்பாவின் கணக்கு. என் கணக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கிறது. மரபியல் தாளில் எண்பத்தொன்பது மார்க் வாங்கியவள் நான். அந்தப் புத்தகம் எங்கள் வீட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இதை எழுதத் தயங்கிய இடமும் இதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தை முகூர்த்தம் குறிக்க மாமா குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தது. நாலாம் தவணை முடிந்து நான் கொஞ்சம் தெம்பாக இருந்தேன். புதிர் விடுபட்ட சந்தோஷம் தாங்கவில்லை. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு, கோடு இழுத்து, தட்டுக் கதை முழுக்கச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். அந்த உற்சாகத்தில் இன்னொரு சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் கோடு போட்டு, “ரகு, சுதா கதையும் இதேதான், பாருங்க” என்றேன்.

கோடு போட்ட பிறகுதான் வீட்டின் சத்தம் நின்றது தெரிந்தது.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். வெளியே வரவில்லை. அப்பா காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “இந்தக் கல்யாணம் வேணாம்” என்றார்.

மாமா நிமிர்ந்தார். “மாப்ளே, என் தங்கச்சியக் கட்டினதாலதான் உன் பொண்ணுக்கு வந்துச்சுங்கறியா?”

“நான் கட்டினதால வந்துச்சுங்கறேன் மச்சான்.”

“ரெண்டும் ஒண்ணுதானே!”

சுதா என்னைப் பார்க்காமலே செருப்பை மாட்டினாள். அவர்கள் போன பிறகு ரகு என் கட்டிலுக்கு எதிரில் வந்து நின்றான். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். “உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லியே ஆகணுமா உமா?” என்றான். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அம்மா எனக்குக் கஞ்சி ஊட்டும்போது கண்ணைப் பார்ப்பதில்லை. ஐஸ்கிரீமும் ஈரத்தலையும் போய், அம்மாவே காரணமாகிவிட்டாள். அந்தக் காரணத்தைக் கையில் கொடுத்தது நான்.

ஐந்தாம் தவணைக்கு அப்பாதான் துணைக்கு வந்தார். வெள்ளணு எண்ணிக்கை பார்த்த பிறகே மருந்து ஏற்றுவார்கள் என்பதால் காலை முழுக்கப் பெஞ்சில் காத்திருப்பு. எங்களைச் சுற்றி முக்காடு, குல்லாய், மொட்டை. எனக்குள் ஒரு வாரமாகக் கொதித்தது பொங்கிவிட்டது.

“அப்பா, நீங்க அம்மாவைக் கட்டினது தப்பா?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்க. தப்புதானே? அந்தக் கல்யாணம் நடந்திருக்கக்கூடாதுதானே? அப்ப நான் பொறந்திருக்கக்கூடாது. நான் தப்பு. ரகு தப்பு. அதைத்தானே சொல்றீங்க?”

“உமா, மெதுவா.”

“மெதுவால்லாம் முடியாது. ஆறு மாசமா என் உடம்புல ஊசி குத்தறவங்க எல்லாம் நான் இருக்கணும்னு குத்தறாங்க. நீங்க ஒருத்தர்தான் நான் இல்லாம இருந்திருந்தா நல்லதுன்னு கணக்குப் போடறீங்க.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாளியோடு போய்க்கொண்டிருந்த அஞ்சலை நின்றாள். “ஐயா, நான்கூட என் அத்த மவனத்தான் கட்டிக்கினேன்” என்றாள். “ரெண்டு புள்ளைங்க. ஒண்ணு பள்ளிக்கூடம் போவுது. ஒண்ணு போவமாட்டேன்னு அழுவுது. வேற கொறை ஒண்ணும் இல்ல.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். என் பெயர் கூப்பிட்டார்கள்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது நான் எதிர்பார்க்காதது நடந்தது. சுதா வந்தாள், பின்னாலேயே ரகு. சுதா திருவான்மியூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். டீச்சர் குரலிலேயே கேட்டாள்.

“அந்த டாக்டர் எங்க இருக்காங்க? படம் போட்டுப் பாதியில விட்டுட்டே. மீதியை அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்.”

படம் போட்ட கதையைக் கேட்டுவிட்டு டாக்டர் ஜமீலா என் கட்டிலுக்கே வந்தார். அப்பா எழுந்து நாற்காலி கொடுத்தார். சுதா நின்றபடியே கேட்டாள். “இவளுக்கு இது வந்தது அத்தையும் மாமாவும் சொந்தத்துல கட்டினதாலதானா?”

“தெரியாது” என்றார் டாக்டர் ஜமீலா. “தட்டு வகை கொறஞ்சா ஆபத்து கொஞ்சம் கூடுமாங்கறதுதான் என் கேள்வியே. கேள்வியைப் பதில்னு யாரோ வீட்டுல படம் போட்டுக் காமிச்சிருக்காங்க.” என்னைப் பார்த்தார். நான் ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தேன். “இவளை மாதிரி ரெண்டு வரிசையும் ஒண்ணா இருக்கறவங்க எத்தனையோ பேர் நல்லா இருக்காங்க. ரெண்டும் வேற வேறயா இருக்கறவங்க இந்த வார்டுலயே முக்காவாசிப் பேர். இவ ஒரு புள்ளி. ஒரு புள்ளியைப் பார்த்து என்ன கோலம்னு சொல்ல முடியுமா? நிறைய புள்ளி வேணும், அதுக்குத்தான் ரத்தம் எடுக்கறேன்.”

“எங்களுக்குப் பொறக்கற குழந்தைக்கு?”

“வெளியில கட்டறவங்களைவிட சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடத்தான். இல்லைன்னு சொல்லமாட்டேன். அதைப் பத்தி விவரமா சொல்ற டாக்டர்கிட்ட அனுப்பறேன், ரெண்டு பேரும் போய் உட்கார்ந்து கேளுங்க. நான் பயமுறுத்தவும் மாட்டேன், சத்தியம் பண்ணவும் மாட்டேன்.”

சுதா ரகுவைப் பார்த்தாள். ரகு, “போலாம். கேட்டுட்டு முடிவு பண்ணலாம்” என்றான்.

“கேட்டுட்டு நாம முடிவு பண்ணலாம்” என்று சுதா திருத்தினாள். ‘நாம’ என்றபோது அப்பா பக்கம் திரும்பினாள். “மாமா, நீங்க வேணாம்னு சொன்னது எங்க மேல இருக்கற அக்கறைலதான். தெரியும். ஆனா ஜாதகத்துல ஆறு பொருத்தம்தான் இருக்குன்னு எங்கப்பா இழுத்தப்ப, கட்டத்தைப் பார்த்து வாழமுடியாது மச்சான்னு சொன்னது நீங்கதான். இப்ப உமா போட்ட கட்டத்தைப் பார்த்துட்டு நிறுத்தறீங்க.”

அப்பா டாக்டர் ஜமீலாவிடம் கையை நீட்டினார். “அந்த ஃபார்மைக் கொஞ்சம் குடுங்கம்மா.”

படிவத்தை மடியில் வைத்து, ஒன்பதாவது கேள்விக்கு வந்தார். ‘இல்லை’ மேல் ஒரே ஒரு கோடு, ஸ்கேல் வைத்த மாதிரி. பக்கத்தில் ‘உண்டு’. அதற்குக் கீழே, ஆபீஸ் வழக்கப்படி, திருத்தியது நான்தான் என்று சுருக்கொப்பமும் தேதியும். இருபத்தாறு வருஷத்தில் அப்பாவின் கையால் அடித்துத் திருத்திய படிவத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு கண்ணிலும் நீர். எழுத்து மட்டும் ஆடவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம் போய், “லட்சுமி, பொண்ணுக்கு எதனால வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியலையாம். நாம தெரிஞ்ச மாதிரி அழுதுகிட்டிருந்தோம்” என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அம்மா என் கண்ணைப் பார்த்துக் கஞ்சி ஊட்டினாள். உப்பு போட மறந்திருந்தாள். ஒரு கிண்ணம் நிறையக் குடித்தேன்.

ரகுவும் சுதாவும் அந்த ஆலோசனைக்கு மூன்று தடவை போனார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. வாயைச் சும்மா வைத்திருக்கும் பயிற்சி. மூன்றாவது தடவை திரும்பி வந்து, தை இரண்டாம் முகூர்த்தம் என்றார்கள். சொந்தத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு கட்டுங்கள், அல்லது தெரிந்துகொண்டு விடுங்கள். அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஆறாம் தவணை முடிந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை. ‘குணம்’ என்ற சொல்லைப் பெரிய டாக்டர் இன்னும் சொல்லவில்லை, இரண்டு வருஷம் போகட்டும் என்கிறார். போகட்டும், நான் எங்கே போகப்போகிறேன்.

ஆனால் விரல் வரவில்லை. கடைசி நாள் அஞ்சலை மீன்வலை நைலான் கயிறு ஒரு முழம் என் பையில் திணித்தாள். “இத்த முடிச்சு போட்டு அவுத்துக்கினே இரு. எங்கூட்டுக்காரரு கண்ண மூடிக்கினு போடுவாரு. உனுக்குக் கண்ணு நல்லாத்தான கீது?” கார்த்திகை, மார்கழி முழுக்க அந்தக் கயிறு என் கையில்தான். விரல் உணராவிட்டால் கண்ணால் பார்த்துப் போடலாம் என்று கண்டுபிடிக்கவே பதினைந்து நாள் ஆயிற்று. ஒரு முடிச்சுக்கு ஒன்றரை நிமிஷம். பிறகு ஒரு நிமிஷம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சுதாவின் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். “உமா, உனக்கு எதுக்கும்மா சிரமம். பெரியப்பா பொண்ணு முடிச்சு போடட்டுமே. தலையில பூ வைக்கக்கூட...” என்று இழுத்தார். நோய் பட்ட கை என்பதை அவர் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் கேட்டது. நான் வாய் திறப்பதற்குள், மருதாணிக் கையை விரித்தபடி உள்ளே இருந்த சுதா கத்தினாள். “அம்மா, அவ போடலேன்னா நான் தலையைக் குனியமாட்டேன். மாப்பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டட்டும்.”

மறுநாள் மந்தைவெளி மண்டபம். முக்காடு போடவில்லை. அரை அங்குல முடியில் பூ நிற்காது என்பதால் காதில் ஒரு ரோஜாவைச் செருகிக்கொண்டேன். முன்வரிசையில் மருதாணி நிறப் புடவையில் அஞ்சலை, பக்கத்தில் டாக்டர் ஜமீலா. கெட்டிமேளம் என்று குரல் எழுந்தது, மேளம் அதிர்ந்தது, அட்சதை பறந்தது. ரகு முதல் முடிச்சைப் போட்டு விலகினான்.

மஞ்சள் கயிறு நைலான் இல்லை. வழுக்கியது. குனிந்து, கண்ணைக் கிட்டத்தில் வைத்து, கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். இரண்டாவது முடிச்சு விழுந்தது. அதற்குள் கொண்டுவந்த அட்சதை எல்லாருக்கும் தீர்ந்துவிட்டது. தவில்காரர் முடிக்கப்போய், என் கையைப் பார்த்துவிட்டு மறுபடி வேகம் எடுத்தார். யாரோ பெரியவர், “அவ்ளோதான், விடும்மா, போதும்” என்றார்.

“அசையாதே” என்றேன் சுதாவின் காதில்.

“நீ போடுடி. எனக்கு ஒரு அவசரமும் இல்ல” என்றாள், தலையை இன்னும் குனிந்துகொண்டு.

தவில்காரரின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. மூன்றாவதை நான் இறுக்கி முடிக்கும்வரை அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.